தாயின் பெயரில் அழைத்தாலும் சேய்தான் பதில் சொல்ல வேண்டும்

(வானொலியின் அறிவியல் நேரத்தில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



சில கிழமைகளுக்கு முன்னர் தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு தாய் என்னை மறித்தார். "தம்பி, மகன் பல்கலைக்கழகத்தில கணினி படிக்கிறான். பேஸ் கிளாஸ் பொயின்ரர் விளங்கேல்லை எண்டு இரண்டு கிழமையா ஒழுங்காச் சாப்பிடுறானும் இல்லை. அது என்ன வருத்தமோ?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடங்களுக்கு முன்னர் இதே விடயத்தை அரைகுறையாக விளங்கிக்கொண்டு நான் விட்ட ஒரு பிழையால், இரவில் வேலை செய்த பலருடைய சம்பளம் குறைந்தது. அவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். அந்தக் கதையை இதுவரை நான் பொதுவில் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அதற்கு முதல் அந்தப் பாடத்தையும் சொல்ல வேண்டும். கணினி படிக்காதவர்களும் பயப்படாமல் கேட்கலாம். வானொலியில் நிரலை வாசித்துக் காட்ட முடியாது, ஆகவே கதையாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு செய்தி. உலகம் முழுவதும் பிள்ளைகள் படிக்கிற இந்தப் பாடம் பிறந்தது வேறெங்கும் இல்லை, நாங்கள் இருக்கிற இந்த ஒஸ்லோவில்தான். பிளின்டர்ன் பக்கம் போகிறவர்களுக்கு நோர்வேக் கணிப்பு நிலையம் தெரிந்திருக்கும். அங்கே 1960களில் கிறிஸ்தன் நீகோர்ட், ஊலே-யூஹான் டால் என்ற இருவர் வேலை செய்தார்கள். 1963இல் அந்த நிலையத்துக்கு யூனிவக் 1107 என்ற பெரிய கணினி வந்தது. அதில் இருவரும் சிமுலா என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். வரிசைகள், போக்குவரத்து, தொழிற்சாலை வேலை போன்ற உண்மை உலக நடப்புகளைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதற்கான மொழி அது.

1966ஆம் ஆண்டின் இறுதியில் அவர்கள் ஒரு பாலத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். பாலத்தில் கட்டணம் அறவிடும் ஒரு சாவடி, அதற்கு முன்னால் லொறிகளும் பேருந்துகளும் நிற்கிற ஒரு வரிசை. லொறி வேறு, பேருந்து வேறு. ஒன்றில் சுமை, மற்றதில் பயணிகள். ஆனால் வரிசையில் நிற்கும்போது இரண்டும் ஒன்றுதான்: முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். வெவ்வேறு வகையானவற்றை ஒரே வரிசையில் எப்படி வைப்பது? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் சிமுலா 67 என்ற மொழியின் அடித்தளம். வகுப்பு, அதன் வழிவந்த வகுப்பு, இரண்டையும் ஒரே பெயரால் கையாளும் வழி எல்லாம் அதில் இருந்தன. இந்த வேலைக்காக 2001ஆம் ஆண்டுக்கான ரியூரிங் பரிசு இருவருக்கும் கிடைத்தது. அடுத்த ஆண்டே, 2002இல், இருவரும் சில கிழமை இடைவெளியில் காலமானார்கள்.

இனிப் பாடத்துக்கு வருவோம். ஒஸ்லோவில் கார் ஓடுகிறவர்களுக்கு 1990இல் தொடங்கிய சுங்க வளையத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அதற்கு ஒரு கணினி நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதலில் 'வாகனம்' என்று ஒரு வகுப்பு எழுதுகிறோம். வகுப்பு என்றால் ஒரு வகையின் விவரம். எல்லா வாகனத்துக்கும் பொதுவானவை அதில் இருக்கும்: இலக்கத் தகடு, கடந்து போன நேரம், 'உன் கட்டணம் எவ்வளவு' என்று கேட்டால் பதில் சொல்லும் ஒரு செயல். இதை நான் தாய் வகுப்பு என்று சொல்கிறேன். பிள்ளைகளின் புத்தகத்தில் பேஸ் கிளாஸ் என்று இருக்கும்.

பிறகு கார், லொறி, மோட்டார் சைக்கிள் என்று தனித்தனி வகுப்புகள் எழுதுகிறோம். இவை வாகனம் என்ற வகுப்பிலிருந்து வருகிற சேய் வகுப்புகள். தாயிடம் உள்ளதெல்லாம் இவற்றுக்கும் உண்டு. அதற்கு மேல் தங்களுடைய சொந்த விடயமும் உண்டு. லொறிக்கு எடை உண்டு, கட்டணமும் கூட. மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணமே இல்லை. தாய், சேய் என்று சொன்னாலும் இது பெற்ற உறவு இல்லை. 'லொறி ஒரு வாகனம்' என்று சொல்லலாம் அல்லவா? அந்த உறவுதான். 'சில்லு ஒரு வாகனம்' என்று சொல்ல முடியாது, ஆகவே சில்லு இங்கே சேய் இல்லை.

அடுத்தது சுட்டி, அதாவது பொயின்ரர். அது ஒரு முகவரித் துண்டு, அவ்வளவுதான். கணினியின் நினைவகத்தில் ஒரு பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்று அந்தத் துண்டில் எழுதியிருக்கும். பொருள் பெரிதோ சிறிதோ, துண்டு ஒரே அளவுதான். ஒரு கலியாணத்துக்கு அழைப்பிதழ் அனுப்ப முகவரிப் பட்டியல் வைத்திருக்கிறீர்கள். பட்டியலில் வீடுகள் இல்லை, முகவரிகள்தான் இருக்கின்றன. ஒருவர் மாடி வீட்டில் இருப்பார், ஒருவர் ஒற்றை அறையில் இருப்பார். பட்டியலுக்கு அது தேவையில்லை.

சுங்கச் சாவடியின் நிரலும் அப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு துண்டிலும் 'இந்த முகவரியில் ஒரு வாகனம் இருக்கிறது' என்று மட்டும் எழுதியிருக்கிறது. கார் என்றோ லொறி என்றோ எழுதவில்லை. தாய் வகுப்பின் சுட்டி சேய் வகுப்பின் பொருளைக் காட்டலாம் என்று சீ பிளஸ் பிளஸ் மொழி அனுமதிக்கிறது. நிரல் பட்டியலில் மேலிருந்து கீழே போகிறது. ஒவ்வொரு முகவரிக்கும் போய், "வாகனமே, உன் கட்டணம் எவ்வளவு?" என்று கேட்கிறது. லொறி லொறியின் கட்டணத்தைச் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிள் பூச்சியம் என்று சொல்ல வேண்டும். அழைப்பது தாயின் பெயரில், பதில் சொல்வது சேய்.

இதனால் என்ன இலாபம்? நோர்வேயில் மின்சாரக் கார்கள் வந்தன. ஒரு காலத்தில் அவற்றுக்குச் சுங்கக் கட்டணம் இல்லை, பின்னர் குறைந்த கட்டணம் வந்தது. இப்படி எழுதப்பட்ட நிரலில் 'மின்சாரக் கார்' என்று ஒரு புதிய சேய் வகுப்பைச் சேர்த்தால் போதும். பட்டியலில் மேலிருந்து கீழே போய்க் கட்டணம் கேட்கிற பகுதியை யாரும் தொடத் தேவையில்லை. அந்தப் பகுதியை எழுதியவருக்கு மின்சாரக் கார் என்று ஒன்று வரும் என்பதே தெரியாமல் இருந்திருக்கலாம். அப்படியிருந்தும் அவர் எழுதியது சரியாக வேலை செய்யும். இந்த முறை இல்லாவிட்டால், "நீ காரா? இல்லையென்றால் லொறியா? இல்லையென்றால் மோட்டார் சைக்கிளா?" என்று நிரலின் நூறு இடங்களில் கேட்க வேண்டியிருக்கும். புதிதாக ஒன்று வரும்போது நூறு இடத்திலும் திருத்த வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் அங்கே பிழை.

இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுகிற இடம் வருகிறது. சீ பிளஸ் பிளஸ் மொழியை உருவாக்கியவர் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப். அவர் டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்தைச் சேர்ந்தவர். கேம்பிறிட்ஜில் ஆராய்ச்சி செய்தபோது சிமுலாவைப் பயன்படுத்தினார். அதன் ஒழுங்கு அவருக்குப் பிடித்தது, வேகம் போதவில்லை. 1979இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில், சீ என்ற வேகமான மொழிக்குள் சிமுலாவின் வகுப்புகளைக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கினார். 1983இல் அதற்கு சீ பிளஸ் பிளஸ் என்ற பெயர் வந்தது. வேகம் முக்கியம் என்பதால் அந்த மொழியில் ஒரு விதி உண்டு: கேட்காததற்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே தாயின் பெயரில் அழைக்கும்போது சேய் பதில் சொல்ல வேண்டுமானால், தாய் வகுப்பிலேயே அந்தச் செயலுக்கு முன்னால் 'வேர்ச்சுவல்' என்ற சொல்லை எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் தாய் வகுப்பின் பதில்தான் வரும். லொறியைக் கேட்டாலும் பொது வாகனத்தின் கட்டணம் வரும். ஜாவா, பைதன் போன்ற மொழிகளில் சேய் பதில் சொல்வதுதான் வழமை, இப்படித் தனியாகக் கேட்கத் தேவையில்லை. அதனால் அந்த மொழிகளைப் படித்துவிட்டு வருகிற பிள்ளை சீ பிளஸ் பிளஸில் முதல் அடி வாங்குவது இந்த இடத்தில்தான்.

வேர்ச்சுவல் என்று எழுதினால் உள்ளே என்ன நடக்கிறது? கொம்பைலர் என்பது நாங்கள் எழுதும் நிரலைக் கணினிக்கு விளங்கும் வடிவத்துக்கு மாற்றுகிற மென்பொருள். அது வேலை செய்யும் நேரத்தில் அதற்குத் தெரிவது 'இது வாகனத்தின் சுட்டி' என்பது மட்டும். அந்த முகவரியில் உண்மையில் யார் இருப்பார் என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியவரும். ஆகவே கொம்பைலர் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு அட்டவணை தயாரிக்கிறது. 'கட்டணம் கேட்டால் இந்த இடத்துக்குப் போ' என்று அதில் இருக்கும். லொறியின் அட்டவணையில் லொறியின் கட்டணச் செயலும், காரின் அட்டவணையில் காரின் கட்டணச் செயலும் பதிந்திருக்கும். ஒவ்வொரு பொருளும் தன் வகுப்பின் அட்டவணைக்கு ஒரு சிறிய முகவரித் துண்டைத் தனக்குள் வைத்திருக்கும். கட்டணம் கேட்கும்போது கணினி அந்தத் துண்டைப் பார்த்து, அட்டவணைக்குப் போய், சரியான செயலை அழைக்கிறது. பெரும்பாலான கொம்பைலர்கள் செய்வது இதுதான். இதில் மாயம் ஒன்றும் இல்லை.

இதுவரை சொன்னது விளங்கினால் என் கதையும் விளங்கும்.

2003ஆம் ஆண்டு நான் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். பல முதலாளிமாருக்குச் சம்பளக் கணக்குப் பார்க்கும் மென்பொருளை நாங்கள் செய்துகொண்டிருந்தோம். அதற்கு முதல், படித்துக்கொண்டிருந்த காலத்தில், நான் இரவில் கந்தோர்களில் கிளீனிங் வேலை செய்தவன். அந்த வேலையில் என்னோடு நின்றவர்கள் பலர் பின்னரும் அதே வேலையில்தான் இருந்தார்கள்.

அந்த மென்பொருளில் 'தொழிலாளர்' என்று ஒரு தாய் வகுப்பு. அதில் 'சம்பளம்' என்ற செயல். எத்தனை மணித்தியாலம் வேலை என்று கொடுத்தால், தொகையைத் திருப்பித் தரும். வேர்ச்சுவல் என்ற சொல்லும் ஒழுங்காகவே இருந்தது. 'இரவுத் தொழிலாளர்' என்ற சேய் வகுப்பில் அதே செயல், இரவுக் கொடுப்பனவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தது. மாதம் முடிய, தொழிலாளர் சுட்டிகளின் பட்டியலை நிரல் மேலிருந்து கீழே பார்த்து எல்லோருக்கும் சம்பளம் கணக்கிடும். பல வருடம் பிழையில்லாமல் ஓடியது.

ஒரு நாள் எனக்கு ஒரு சிறிய வேலை தந்தார்கள். அதுவரை மணித்தியாலங்கள் முழு எண்ணாகவே பதியப்பட்டன. இனி இரவு வேலைக்கு அரை மணித்தியாலமும் கணக்கில் வர வேண்டும். ஏழரை மணித்தியாலம் வேலை செய்தவருக்கு ஏழரைக்கே சம்பளம் கிடைக்க வேண்டும். நல்ல மாற்றம். நான் நேரப் பதிவைத் தசம எண்ணாக மாற்றினேன். பிறகு இரவுத் தொழிலாளர் வகுப்புக்குப் போய், 'சம்பளம்' என்ற செயல் முழு எண்ணுக்குப் பதிலாகத் தசம எண்ணை ஏற்கும்படி மாற்றினேன். தாய் வகுப்பில் அது முழு எண்ணாகவே இருந்தது. அதை நான் தொடவில்லை. பகல் வேலைக்காரருக்கு ஏன் மாற்ற வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த நிமிடத்தில் சேய் தாயிடமிருந்து அறுந்து போனது. சீ பிளஸ் பிளஸ் மொழியைப் பொறுத்தவரை 'முழு எண்ணை ஏற்கும் சம்பளம்' ஒரு செயல், 'தசம எண்ணை ஏற்கும் சம்பளம்' இன்னொரு செயல். பெயர் ஒன்றாக இருந்தாலும் அவை வேறு வேறு. அட்டவணையில் உள்ள இடம் முழு எண் செயலுக்கு உரியது. இரவுத் தொழிலாளர் அதற்குப் பதில் எழுதாமல் விட்டுவிட்டார், ஆகவே அந்த இடத்தில் தாய் வகுப்பின் பொதுச் சம்பளம் வந்து உட்கார்ந்துவிட்டது. கொம்பைலர் பிழை என்று மறிக்கவில்லை. சட்டப்படி எல்லாம் சரி. தசம எண்ணை முழு எண்ணாக வெட்ட வேண்டியிருக்கிறது என்று ஒரு எச்சரிக்கை வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பழைய நிரலில் எச்சரிக்கைகள் நூற்றுக்கணக்கில் வரும், நாங்கள் யாரும் அவற்றை வாசிப்பதில்லை.

நான் பரிசோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். அதுதான் எனக்கு இன்றும் உறைக்கிற விடயம். ஒரு இரவுத் தொழிலாளரை நேரடியாக உருவாக்கி அவரிடமே சம்பளம் கேட்டேன். எண்களைச் சுலபமாக வைத்துக்கொள்வோம்: மணித்தியாலத்துக்கு 100 குறோணர், இரவுக் கொடுப்பனவு 20 குறோணர், வேலை ஏழரை மணித்தியாலம். 900 குறோணர் என்று சரியான விடை வந்தது. திருப்தியோடு எழும்பிப் போனேன். ஆனால் மாத முடிவில் நிரல் அப்படிக் கேட்பதில்லை. தாயின் சுட்டி வழியாகக் கேட்கும். அந்த வழியில் போனால் ஏழரை ஏழாக வெட்டப்படும், இரவுக் கொடுப்பனவும் வராது. 700 குறோணர். ஒரு இரவுக்கு 200 குறோணர் காணாமல் போகும். இரவில் முழு நேரமும் நிற்பவர்கள் சிலர், கிழமைக்கு ஓரிரு இரவு மட்டும் நிற்பவர்கள் பலர். ஆளுக்கு ஆள் தொகை மாறியது, அதனாலும் ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை.

அந்த மாற்றம் ஓடத் தொடங்கியது மார்கழிச் சம்பளத்தோடு. நோர்வேயில் மார்கழியில் பாதி வரிதான் பிடிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே கையில் வந்த காசில் குறைவு பெரிதாகத் தெரியவில்லை. தை மாதம் புது வரி அட்டை வரும். குறைவைக் கண்டவர்கள், வரி கூடிவிட்டதாக்கும் என்று இருந்துவிட்டார்கள். மொழி சரியாக வராதவர்கள், விசா நிலை உறுதியாகாதவர்கள், ஏன் கேட்டுப் பிரச்சினை என்று பேசாமல் இருந்தார்கள். இரண்டு மாதம் இப்படிப் போனது.

தை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, முன்பு என்னோடு இரவு வேலை செய்த ஒரு அக்கா தமிழ்ப் பள்ளியில் என்னைக் கண்டார். கையில் இரண்டு சம்பளச் சீட்டும் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியும். ஒவ்வொரு இரவும் எத்தனை மணிக்கு வந்தேன், எத்தனை மணிக்குப் போனேன் என்று அந்தக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார்.

"தம்பி, நீர் கொம்பியூட்டர் படிச்சனீர்தானே, இதை ஒருக்காப் பாரும். மேற்பார்வையாளரிட்டக் கேட்டனான். கொம்பியூட்டர் பிழை விடாது, உங்கட கொப்பிதான் பிழை எண்டு சொல்லிப்போட்டார்."

சீட்டின் கீழே இருந்த மென்பொருளின் பெயர் எங்களுடையது. அவருடைய கொப்பியில் ஏழரை, சீட்டில் ஏழு. இரவுக் கொடுப்பனவு வரிசையே இல்லை. பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. திங்கட்கிழமை விடிய எல்லோருக்கும் முதல் வேலைக்குப் போனேன். அதே பரிசோதனையை இந்தமுறை தாயின் சுட்டி வழியாகச் செய்தேன். 700 என்று வந்தது.

பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டார். எண்ணிப் பார்த்தோம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். மாசிச் சம்பளத்தோடு எல்லோருக்கும் நிலுவை கொடுக்கப்பட்டது. பிழை என்னுடையது என்று அந்த அக்காவிடம் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு கிழமை எடுத்தது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பிழை எல்லாருக்கும் வரும் தம்பி. ஆனா அந்த மனிசன் என்ர கொப்பியைத் திறந்துகூடப் பாக்கேல்லை. அதுதான் எனக்குச் சுட்டது" என்றார்.

இந்தக் கதையில் பிள்ளைகளுக்கு உள்ள பாடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, தாய் வகுப்பில் வேர்ச்சுவல் என்று எழுதுவது ஒரு வாக்குறுதி. சேய் அதை அதே வடிவத்தில், ஏற்கும் எண்ணின் வகை முதற்கொண்டு, அப்படியே நிறைவேற்ற வேண்டும். சற்று மாறினாலும் வாக்குறுதி முறியும், யாரும் சத்தம் போட மாட்டார்கள். 2011இல் வந்த சீ பிளஸ் பிளஸ் தரத்தில் இதற்காகவே 'ஓவர்ரைட்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். சேயின் செயலுக்குப் பின்னால் அந்தச் சொல்லை எழுதினால், தாயிடம் அதே வடிவில் ஒரு வேர்ச்சுவல் செயல் இல்லாதபோது கொம்பைலர் மறித்துவிடும். என் காலத்தில் அந்தச் சொல் இருந்திருந்தால் எனது பிழை ஐந்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். அதை எழுதாமல் ஒருபோதும் விடாதீர்கள்.

இரண்டாவது, நிரல் எந்த வழியால் கேட்கிறதோ அந்த வழியாலேயே பரிசோதியுங்கள். சேயை நேரில் கேட்டு வந்த விடையை நம்பி இருக்காதீர்கள்.

மூன்றாவது, பட்டியலில் முகவரிக்குப் பதிலாகப் பொருளையே வைக்கப் போனால் இன்னொரு ஆபத்து உண்டு. தாய் வகுப்பின் அளவில் செய்த பெட்டிக்குள் சேயைப் பிரதி எடுத்து வைத்தால், தாயின் அளவுக்கு மேற்பட்டதெல்லாம் வெட்டப்பட்டுவிடும். எங்கள் நீண்ட பெயர்களுக்குப் படிவங்களில் நடந்தது நினைவிருக்கிறதா? பெட்டி போதாமல் தகப்பன் பெயரில் பாதி போய்விடும். பிறகு அந்தப் பாதிப் பெயர்தான் எல்லா இடமும் உங்கள் பெயர். அதேதான் இது. பிரதியில் லொறியின் எடையும் இல்லை, லொறியின் அட்டவணையும் இல்லை. அது வெறும் வாகனம். ஆகவே முகவரியாகவே வையுங்கள்.

நான்காவது, தாயின் சுட்டி வழியாக ஒரு பொருளை அழிக்கப் போகிறீர்கள் என்றால், அழிக்கும்போது ஓடுகிற செயலும் தாய் வகுப்பில் வேர்ச்சுவலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேய்க்குச் சொந்தமானது துப்புரவாகாமல் கிடக்கலாம், அல்லது என்ன நடக்கும் என்றே சொல்ல முடியாத நிலை வரும்.

இந்த நான்குக்கும் மேலே ஒரு பொது விதி உண்டு. பார்பரா லிஸ்கொவ் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1987இல் ஒரு மாநாட்டு உரையில் முன்வைத்தது. தாயை எதிர்பார்த்து எழுதிய இடத்தில் சேயை வைத்தால், எழுதியவர் ஏமாறக் கூடாது. சேய் கூடுதலாகச் செய்யலாம், ஆனால் தாய் கொடுத்த வாக்கைக் குறைக்கக் கூடாது. அவருக்கு 2008ஆம் ஆண்டுக்கான ரியூரிங் பரிசு கிடைத்தது.

முடிப்பதற்கு முன் திரும்பவும் ஒஸ்லோவுக்கு வருகிறேன். சிமுலாவை உருவாக்கிய கிறிஸ்தன் நீகோர்ட் அந்த மொழியோடு நின்றுவிடவில்லை. 1970களின் தொடக்கத்தில் அவர் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். வேலைத் தலங்களுக்குக் கணினி வரும்போது, அது என்ன செய்கிறது என்று முதலாளிக்கு மட்டும் தெரிந்தால் போதாது, தொழிலாளருக்கும் தெரிய வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. சங்க உறுப்பினர்களுக்குப் படிப்பதற்கான பாடங்களும் அந்த வேலையில் தயாரானது. அந்த வழியில் 1975இல் நோர்வேயின் தொழிற்சங்கக் கூட்டமைப்புக்கும் முதலாளிமார் சங்கத்துக்கும் இடையில் ஒரு உடன்பாடு வந்தது. கணினி முறைகள் பற்றித் தொழிலாளருக்குத் தெரியப்படுத்த வேண்டும், அதுவும் துறை அறிவு இல்லாதவருக்கும் விளங்குகிற மொழியில் சொல்ல வேண்டும் என்பது அதில் இடம்பெற்றது.

வெவ்வேறு வகையானவர்களை ஒரே பட்டியலில் ஒரே பெயரால் அழைக்க வழி கண்டவர், அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் கேள்வி கேட்க வேண்டும் என்றும் பாடுபட்டிருக்கிறார். இதை நான் அறிந்தபோது அந்த அக்காவின் கொப்பிதான் நினைவுக்கு வந்தது. நிரலுக்குள் அவர் 'தொழிலாளர்' என்ற ஒரு முகவரித் துண்டு மட்டும்தான். பொதுப் பெயரால் அழைப்பதில் பிழை இல்லை. ஆனால் அழைத்த பிறகு அவருடைய இரவும் அவருடைய அரை மணித்தியாலமும் கணக்கில் வர வேண்டும். அதற்கு நிரல் எழுதுகிறவர் கவனமாக இருக்க வேண்டும். அவர் தவறினால், கொப்பி வைத்திருக்கிறவர் கேட்க வேண்டும்.

ஆகவே பெற்றோரே, உங்கள் சம்பளச் சீட்டை வாசியுங்கள். மணித்தியாலங்களை எழுதி வையுங்கள். கொம்பியூட்டர் பிழை விடாது என்று யாராவது சொன்னால், அதை எழுதுகிறவர்கள் மனிதர்கள், அவர்களில் ஒருவர் வானொலியில் வந்து தன் பிழையைச் சொன்னார் என்று சொல்லுங்கள்.

பள்ளி வாசலில் என்னைக் கேட்ட அந்த அம்மாவுக்கு: மகனுக்கு வந்தது வருத்தம் இல்லை அம்மா. நல்ல பாடம். இன்றைக்கு இரவு சாப்பாட்டு மேசையில், "வேர்ச்சுவல் எழுத மறந்தால் லொறிக்கு என்ன கட்டணம் வரும்?" என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள். அவன் சாப்பிட்டுக்கொண்டே விளங்கப்படுத்துவான்.